எப்பவும் போடுறது

தோகாவுக்குப் போகுமுன் அவர் சொன்னவை மூன்று:
கதவைப் பூட்டி இரண்டுதரம் இழுத்துப் பார்.
லீசிங் காசு ஐந்தாம் திகதி தாண்டக்கூடாது.
வண்டிக்குத் தொண்ணூற்றைந்து மட்டும்தான்.

முதல் இரண்டையும் நான் தவறவிடவில்லை.

வண்டி என்றதும் பெரிதாய் நினைக்க வேண்டாம்.
அறுநூற்றறுபது சீசீ.
யப்பானில் யாரோ ஒருத்தி மரக்கறி வாங்கப் போய்வந்தது.
பின்கண்ணாடியில் அவளுடைய ஊர் ஒட்டிய பச்சை வட்டம்
இன்னும் இருக்கிறது. உரிக்க மனம் வரவில்லை.

செட்டில் இரண்டு குழாய்கள்.
தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து.
இடையில் மூன்றே மூன்று.
அந்த மூன்றுக்குப் பத்து லீற்றரில் போவது
அரைக் கிலோ பாரை.

பெனடிக்ற்றின் கராஜில் கேட்டேன்.
பொனற்றுக்குள் தலையை விட்டபடியே சொன்னான்:
"மிஸ், இதென்ன சீனன்குடாவில இருந்து கிளம்புற பிளேனே?
தொண்ணூற்றிரண்டு காணும்.
மிச்சக் காசுக்கு முன் டயரைப் பாருங்கோ,
வழுக்கையாப் போச்சு."

தங்கையின் புருஷன் வேறு சொன்னான்:
மாதம் ஒருக்கால் தொண்ணூற்றைந்து அடித்தால்
பேதி குடித்த வயிறுபோல எஞ்சின் கழுவுப்படுமாம்.
அவனிடம் சைக்கிள்தான் இருக்கிறது.

யப்பானியக் கையேட்டைப் போனுக்குக் காட்டி வாசித்தேன்.
பிறகு இரவிரவாய்த் தேடி வேறும் வாசித்தேன்.
அந்த இலக்கம் பலம் இல்லையாம்.
எவ்வளவு அமுக்கினாலும்
நேரத்துக்கு முன் வெடிக்காமல் இருக்கும்
பொறுமையின் அளவாம்.
பொறுமைக்கா லீற்றர் கணக்கில் காசு?
என்னிடம் கேட்டிருந்தால் சும்மா கொடுத்திருப்பேனே.

வரிசைக் காலத்தில் யாரும் இலக்கம் கேட்கவில்லை.
அநுராதபுரச் சந்தியில் வாலைப் பிடித்து
இரண்டு இரவு சீற்றைச் சாய்த்துக் கிடந்தேன்,
நுளம்புக்குப் பயந்து கண்ணாடியை
ஒரு விரல் அளவு மட்டும் இறக்கி.
"பவுசரில என்ன வருது?"
"பெற்றோல்."
அந்தச் சொல்லே போதுமாயிருந்தது.
அவர் அப்போது கொழும்பில்
பாஸ்போட் வரிசையில் நின்றார்.

வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவார்.
சாப்பிட்டியா, மழையா, தொண்ணூற்றைந்துதானே?
ஓம். ஓம். ஓம்.
மூன்றாவது ஓமைக் கொஞ்சம் வேகமாய்ச் சொல்வேன்.

வித்தியாசத்தைக் கையேட்டுக்குள் வைத்தேன்,
எஞ்சின் படம் போட்ட பக்கத்தில், தாள் தாளாய்.
வருடம் முடிய இரண்டு முன் டயர் வாங்கினேன்.
ஊற்றாத தொண்ணூற்றைந்தின்மேல்
இப்போது கந்தோருக்கு உருள்கிறேன்.

சித்திரையில் நாற்பது நாள் லீவு.
சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும்
நிலாவெளி வீதியின் நேர்ப்பாட்டில் அமுக்கினார்.
பனைகளுக்கிடையே கடல் வெட்டிவெட்டித் தெரிந்தது.
"பாத்தியா இழுவையை!
இதுக்குத்தான் சொன்னனான்."
"நல்ல இழுவை," என்றேன்.
அதில் பொய் இல்லை.

திரும்பும் வழியில் முள் சிவப்பைத் தொட்டது.
செட்டுக்குள் வளைத்தார். நப்ரீஸ் ஓடிவந்தான்,
கிண்ணியாப் பெடியன், கையில் எப்போதும் எண்ணெய்த் துணி.
குனிந்து, அவரைத் தாண்டி என்னைக் கேட்டான்:
"எப்பவும் போடுறதா, மிஸ்?"

நான் வாய் திறக்குமுன் அவர்:
"ஓம் தம்பி, எப்பவும் போடுறதுதான். ஃபுல் அடி."

காற்றடிக்கும் இடத்தருகே
டவுன் மான் ஒன்று மட்டைப்பெட்டி தின்றுகொண்டு நின்றது.
தோகா அறைத்தோழர்களுக்கு அனுப்பவென்று
போனோடு இறங்கிப் போனார்.

நப்ரீஸின் கை இரண்டு குழாய்களுக்கும் நடுவில் நின்றது.
என்னைப் பார்த்தான்.
நான் மானைப் பார்த்தேன்.

மீற்றரில் இலக்கங்கள் ஓடத் தொடங்கின.
படம் எடுத்து முடித்துத் திரும்பியவர்
கதவடிக்கு வரவில்லை.
வண்டிக்கு முன்னால் நின்று
செருப்பு நுனியால் டயரைத் தட்டினார்.
குந்தியிருந்து விரலால் தடவினார்.

"இது எப்ப மாத்தினது?"